கடல், காப்பாளர், கடன், போட்டியாளன்: ரீஜென்சி காதலில் சிறுவயது வாக்கைச் சோதிக்க எந்தத் தடை எடுபடும்?

ரீஜென்சி (பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்து) காதல் கதைக்குச் சிறுவயதுத் தோழர்களை எடுத்துக்கொண்டால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சிக்கல் வந்துவிடும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும், பிடிக்கும், மணப்பதாக வாக்கும் கொடுத்தாயிற்று. அறிமுகம், தப்பெண்ணம், மனமாற்றம் என்று மற்றக் கதைகள் நூறு பக்கம் ஓட்டுகிற சரக்கு இங்கே கிடையாது. மொத்தப் பாரமும் தடையின் மேல்தான். வழக்கமாகக் கையாளப்படும் தடைகள் நான்கு. இவற்றில் இரண்டுதான் வாக்கைச் சோதிக்கின்றன. மற்ற இரண்டும் பெரும்பாலும் நாட்களைக் கடத்துவதோடு சரி.

முதலில் அந்த வாக்குக்கு அன்றைய இங்கிலாந்தில் என்ன மதிப்பு என்று பார்த்துவிட வேண்டும். 1753ஆம் ஆண்டின் ஹார்ட்விக் திருமணச் சட்டத்துக்கு முன்பு, வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்கை வைத்துத் திருச்சபை நீதிமன்றத்தில் கல்யாணத்தையே வற்புறுத்த முடிந்தது. சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. இளவரசர் ஜார்ஜ் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பில் இருந்த 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்தில், வாக்கை மீறியவர்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அதிலும் 21 வயது ஆகாதவர் கொடுத்த வாக்கு அவரைக் கட்டாது. வயது வந்தபின் மறுபடி உறுதி செய்தால்தான் கட்டும். வழக்கின் இரு தரப்பாரும் தாங்களே சாட்சி சொல்ல முடியாது என்பது இன்னொரு முடிச்சு. அப்படியானால் 19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் தோட்டத்தில் தனியே பேசிக்கொண்டது சட்டத்தின் கண்ணில் வெறும் காற்று.

ஆனால் ஊர் வழக்கம் நேர்மாறானது. வாக்குக் கொடுத்த ஆண் பின்வாங்கினால் கனவான் என்ற பெயர் போய்விடும். பெண் விடுவித்தால்தான் அவனுக்கு விடுதலை. சட்டம் தளர்வு, மானம் இறுக்கம்: நல்ல தடை இந்த இடைவெளியில்தான் வேலை செய்யும். நான்கையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

கடல்: எல்லோரும் எடுப்பது

நாயகன் கடற்படைக்கோ போருக்கோ போகிறான், அவள் காத்திருக்கிறாள். நெப்போலியன் போர் 1815 வரை நீண்டதால் காலம் பொருந்தும். ஆனால் பிரிவு தன்னளவில் சோதனை இல்லை. காத்திருப்பவளுக்கு முடிவெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருநூறு பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

கடிதம் அந்த முடிவைக் கொண்டுவரும். நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அன்று முறையல்ல. கடிதம் வந்தால் நிச்சயமாகிவிட்டது என்றே வீடு எடுத்துக்கொள்ளும். தபால் கட்டணமோ பெறுபவர் தலையில். 1812 கட்டணப்படி 80 மைலுக்கு மேல் 120 மைலுக்குள் ஒரு தாளுக்கு 9 பென்ஸ், இரண்டு தாளுக்கு 18. உறையும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் உறையே போடாமல் தாளையே மடித்து, அரக்கு வைத்து, மடிப்பின் மேல் முகவரி எழுதுவார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். வீட்டுக்கு வரும் கடிதத்துக்குக் காசு கொடுப்பவர் தகப்பனார்; கையெழுத்தை முதலில் பார்ப்பவரும் அவரே. தங்கைக்கு எழுதும் தாளுக்குள் காதலிக்கு ஒரு தாளைச் செருகி அனுப்பலாம். ஆனால் கட்டணம் இரட்டிக்கும், ஏன் இரட்டித்தது என்று கேள்வி வரும். ரகசிய நிச்சயம் வெளிப்பட இதைவிட இயல்பான வழி வேறில்லை. ஒட்டுக்கேட்கும் வேலைக்காரியை இனிமேலாவது ஓய்வெடுக்க விடலாம்.

கடற்படையா, தரைப்படையா? காத்திருப்புக்குக் கடற்படைதான் நல்லது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கப்பலேறியவன் ஆறு ஆண்டு கடல் சேவை முடித்து, வாய்மொழித் தேர்வில் தேறிய பிறகுதான் லெஃப்டினன்ட் ஆக முடியும். பணம் கொடுத்து அந்தப் படியைத் தாண்ட வழியில்லை. தரைப்படையில் பதவியை விலைக்கு வாங்கலாம்: காலாட்படையில் என்சைன் என்ற கடைநிலை அதிகாரி பதவிக்கு 400 பவுண்டு, கேப்டன் பதவிக்கு 1,500. ஆகவே தரைப்படைக் கதையில் ‘யார் பணம் போட்டார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். செய்தி வருவதிலும் வித்தியாசம் உண்டு. போரில் இறந்த, காயம்பட்ட அதிகாரிகளின் பெயரை அரசிதழ் அச்சிடும். சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கைதான். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன் 18. செய்தி லண்டனுக்கு வந்தது 21ஆம் தேதி இரவு. அவள் கிராமத்துக்குப் பத்திரிகை வர இன்னும் ஓரிரு நாள். இந்தச் சில நாட்களை மூன்று மாதமாக இழுத்தால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நீண்ட மௌனம்தான் வேண்டுமென்றால் அவனைச் சென்னைக்கு அனுப்புங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்துசேர ஐந்தாறு மாதம் ஆகும். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறத்தாழ ஒரு வருடம். 1812இல் கம்பெனி அதிகாரியும் தமிழறிஞருமான எல்லிஸின் முயற்சியால் அங்கே ஒரு கல்லூரி தொடங்கியது. புதிதாக வந்த இளம் அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் படித்துத் தேர்வு எழுத வேண்டும். காதலிக்கு எழுத வேண்டிய இரவில் வேற்றுமை உருபோடு மல்லுக்கட்டும் நாயகனை இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

காப்பாளர்: சட்டம் தெரிந்தால் பலமான தடை

21 வயதுக்குக் கீழே இருப்பவர் திருச்சபை உரிமம் பெற்று மணக்கத் தகப்பனார் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் நடந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது. தகப்பனார் இல்லையென்றால் காப்பாளர், அவரும் இல்லையென்றால் மறுமணம் செய்யாத தாய். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: காப்பாளரோ தாயோ காரணமில்லாமல் மறுத்தால் உயர் நீதி அதிகாரியான லார்ட் சான்சலரிடம் மனுப் போடலாம், தகப்பனார் மறுத்தால் போட முடியாது. எனவே கொடுமைக்காரக் காப்பாளரை வைத்துவிட்டு, ‘வேறு வழியே இல்லை’ என்று நாயகியை அழவைத்தால் அது ஓட்டைக் கதை. வழியே இருக்கக் கூடாது என்றால் தகப்பனாரை உயிரோடு வையுங்கள்.

தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து மணப்பதில் விதி வேறு. தகப்பனார் எழுந்து ஆட்சேபித்தால் ஓலை ரத்து. அவர் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் செல்லும். அதனால்தான் கூட்டம் மிகுந்த லண்டன் பங்குத் தேவாலயங்களில் முகம் தெரியாத ஜோடிகள் ஓலை கொடுத்தார்கள். ஆனால் பொய்ப்பெயரில் ஓலை வாசித்தால் கல்யாணம் செல்லாமல் போகலாம்.

ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போவது கடைசி வழி. ஸ்காட்லாந்தில் பெற்றோர் சம்மதம் தேவையில்லை, சாட்சி முன்னால் சொன்னால் போதும். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். இரட்டைக் குதிரை வாடகை வண்டிக்கு மைலுக்கு 15 பென்ஸ் வைத்தாலே சுமார் 20 பவுண்டு, நான்கு குதிரை என்றால் இரட்டிப்பு; சுங்கமும் வண்டியோட்டிகளின் இனாமும் தனி. கையில் காசில்லாத உதவிக் குருவானவர் நாயகனாக இருந்தால் அந்தப் பணத்தை யார் கொடுத்தது என்று முந்தின அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்.

சிறுவயதுத் தோழர்களுக்கு ஓட்டத்தைவிட உயில் நிபந்தனை பொருத்தம். ‘என் டிரஸ்டிகள் சம்மதமின்றி மணந்தால் 5,000 பவுண்டு கிடையாது’ என்று ஒரு வரி. இதிலும் நுணுக்கம் உண்டு. அப்படிப் பறிபோகும் பணம் யாருக்குப் போகும் என்று உயில் பெயர் சொல்லாவிட்டால், சொத்து, உயில் வழக்குகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றம் அதை வெறும் மிரட்டலாக எடுத்துக்கொண்டு பணத்தை அவளுக்கே கொடுத்துவிடக்கூடும். பெயர் இருந்தால்தான் நிபந்தனைக்குப் பல் முளைக்கும்.

கடன்: இருவரின் அன்பையும் எதிரெதிரே நிறுத்துவது

நான்கில் இதுவே கூர்மையானது என்பது நம் தீர்ப்பு. பரம்பரை நிலத்தில் தகப்பனாருக்கு ஆயுட்கால உரிமை மட்டுமே, விற்க முடியாது. மூத்த மகனுக்கு 21 ஆனதும் இருவரும் சேர்ந்து விற்பனையைத் தடுக்கும் பழைய ஏற்பாட்டை உடைத்துப் புதுப் பத்திரம் எழுதலாம். மகனுக்கு உடனே ஆண்டுப்படி கிடைக்கும், தகப்பனாருக்கு அடமானம் வைக்க வழி பிறக்கும். அந்தப் பிறந்தநாள் காலையில் மேசைமேல் பத்திரமும் மையும் இருக்கின்றன. தங்கைகளின் சீதனம், வீட்டின் கடன் எல்லாம் அவன் பணக்காரியை மணந்தால்தான் தேறும். சிறுவயதில் வாக்குக் கொடுத்த பெண்ணிடம் இருப்பதோ 1,000 பவுண்டு. 100 பவுண்டு முகமதிப்புள்ள மூன்று சதவீத அரசுப் பத்திரம் 60 பவுண்டு அளவில் விற்ற 1812இல் போட்டால்கூட அது ஆண்டுக்கு ஏறக்குறைய 50தான் தரும். 10,000 பவுண்டு கொண்டுவருபவளின் விதவைக்காலத்துக்கு, நூறுக்குப் பத்து என்ற வழக்கப்படி, ஆண்டுக்கு 1,000 எழுதித் தருவார்கள். நம் நாயகிக்கு 100.

அவன் தன் வாயால் பின்வாங்க முடியாது. அவளோ, அவன் மேலுள்ள பிரியத்தாலேயே அவனை விடுவிக்க நினைக்கிறாள். விடுவித்தால் வாக்கு உடைகிறது. விடுவிக்காவிட்டால் அவன் தங்கைகள் நிலை கெடுகிறது. இந்த அளவுக்குக் கடலால் கொண்டுபோக முடியாது.

பணமுடையும் ரகசியமும் கடலும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரீஜென்சிக்குச் சற்று முந்தைய உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. டாம் ஃபௌல், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அக்கா கசாண்ட்ரா ஆஸ்டினின் தந்தையிடம் சிறுவனாகத் தங்கிப் படித்தவர். பிறகு அவருக்கும் கசாண்ட்ராவுக்கும் நிச்சயமானது. வருமானம் போதாமல் கல்யாணம் தள்ளிப்போனது. பங்குக் குருவானவர் பதவி தரக்கூடிய உறவினரான கிரேவன் பிரபுவோடு படைக் குருவாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். 1797இல் மஞ்சள் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். நிச்சயமான செய்தி தெரிந்திருந்தால் கூட்டிப்போயிருக்க மாட்டேன் என்று பிரபு பிற்பாடு சொன்னதாகக் குடும்பக் குறிப்பு. அவளுக்கு அவர் உயிலில் விட்டுப்போனது 1,000 பவுண்டு. வில்லன் ஒருவர்கூட இல்லை. யாரும் தவறு செய்யவும் இல்லை.

போட்டியாளன்: துணைக்கு மட்டும்

லண்டன் சீசனில் (மேல்தட்டினர் கூடும் விருந்து, நடனக் காலம்) வரும் அழகான பிரபு தனியே நின்றால் பலவீனம். பன்னிரண்டு வருடப் பழக்கத்தை மூன்று நடனத்தில் மறப்பவள் என்றால் வாக்கே பொய் என்றாகிவிடும். மறக்கமாட்டாள் என்றால் அவன் வெறும் அலங்காரம். அவனை வைத்தே தீர வேண்டுமென்றால் மேலே சொன்ன உயிலில் ‘அந்தப் பணம் இன்னாருக்கு’ என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிவிடுங்கள். அவள் டிரஸ்டிகளின் சம்மதம் இல்லாமல் தன் தோழனை மணந்தால் லாபம் இவனுக்கு. அதனால் அவன் இருவரையும் பிரிக்கப் பார்க்கமாட்டான். கிரெட்னாவுக்கு வண்டி பிடித்துக் கொடுப்பவனே அவனாக இருப்பான்.