நெபுலாவின் கோடுகள்: பிரகாசத்தைப் பார்ப்பதா, வடிவத்தைப் பார்ப்பதா?

ஏப்ரல் கடைசியில், கச்சான் காற்று வலுப்பதற்கு முன்னால், விடிகாலை நாலு மணிக்கு வாலிநோக்கம் கரையில் நின்றால் என்ஜிசி 6572 என்ற கோள்வடிவ நெபுலா (சாகப்போகும் விண்மீன் உதறிய வாயுக் கூடு) கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே இருக்கும். எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சின்னப் பச்சைப் பொட்டு, அவ்வளவுதான். அந்தப் பச்சையில் பெரும்பங்கு 5007 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள ஒற்றை நிறமாலைக் கோட்டிலிருந்து வருகிறது. 1864-ல் வானியலாளர் ஹக்கின்ஸ் இன்னொரு நெபுலாவில் பார்த்தது இதே கோட்டைத்தான், அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜன் என்று இயற்பியலாளர் போவன் சொல்ல 1927 ஆனது.

இந்த மாதிரிக் கோள்வடிவ நெபுலாவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி. கோடுகளின் பிரகாசத்தை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், இல்லையென்றால் ஒரே கோட்டின் வடிவத்தைத் துருவிப் பார்க்கலாம்.

பிரகாச விகிதம் உப்பளத்தில் டிகிரி பார்ப்பது மாதிரி: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லாது, எவ்வளவு அடர்த்தி என்று சொல்லிவிடும். கந்தகத்தின் 6716, 6731 கோடுகளை வகுத்தால் எலக்ட்ரான் அடர்த்தி கிடைக்கும், ஆக்ஸிஜனின் 4363-ஐ 5007-ஓடு வைத்துப் பார்த்தால் வெப்பநிலை (பெரும்பாலும் 10,000 கெல்வின் பக்கம்). ஆனால் அந்த 4363 இருக்கிறதே, 5007-ல் நூறில் ஒரு பங்குகூட வராத மங்கல் கோடு. போதாததற்குப் பாதரச விளக்கின் 4358 பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மீன்பிடித் துறை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்று இதை அளந்தால் நெபுலாவை அளக்கிறீர்களா டியூப்லைட்டை அளக்கிறீர்களா என்றே தெரியாது. வழியில் உள்ள தூசி நீலத்தை அதிகமாகத் தின்றுவிடும், அதற்கும் திருத்தம் போட வேண்டும்.

வடிவத்துக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒரே கோட்டுக்குள் அலைநீளம் மாறுவதே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு, அதனால் தூசியோ கண்ணாடியில் படிந்த உப்போ கோடு முழுவதையும் ஒரே மாதிரிதான் மங்கச் செய்யும். நெபுலா நொடிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது என்று வையுங்கள்: நம் பக்கம் வரும் வாயு ஓட்டின் கோடு நீலத்துக்கு 0.4 ஆங்ஸ்ட்ராம் நகரும், அந்தப் பக்கம் விலகும் ஓட்டின் கோடு அதே அளவு சிவப்புக்கு. நெபுலாவின் நடுவில் கோடு இரண்டாகப் பிளக்கும். ஓரத்தில் வாயு நமக்குக் குறுக்காக ஓடுவதால் மறுபடி ஒன்றாகச் சேரும், மொத்தத்தில் அமுக்கிய வளையல் போல. அந்த வேகத்தையும் தூரம் தெரிந்தால் ஆரத்தையும் வைத்து வயதையே கணக்குப் போடலாம். விகிதத்தால் இது முடியவே முடியாது.

வெப்பநிலைக்கு மட்டும் வடிவத்தை நம்ப மாட்டேன். 10,000 கெல்வினில் அணுக்களின் வெப்ப அசைவால் ஹைட்ரஜன் கோடு நொடிக்கு 21 கிலோமீட்டர் அளவுக்கும், கனமான ஆக்ஸிஜன் 5 கிலோமீட்டர் அளவுக்கும் அகலும். வித்தியாசத்திலிருந்து வெப்பத்தை எடுக்கலாம் என்பது அழகான யோசனைதான். ஆனால் 1950-லேயே வானியலாளர் ஒலின் வில்சன் காட்டியபடி வெவ்வேறு அயனிகள் வெவ்வேறு அடுக்கில், வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. அப்புறம் எந்த அகலம் வெப்பத்தால், எது ஓட்டத்தால் என்று பிரிப்பது லேசில்லை.

சரி, நம் கையில் இருக்கும் கருவிக்கு எது? ஒரு சிட்டிகை உப்பை கேஸ் அடுப்பின் நீலத் தீயில் தூவி கிரேட்டிங் (வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்கீற்றுத் தகடு) வழியாகப் பாருங்கள். சோடியத்தின் 5890, 5896 இரண்டும் எனக்கு ஒரே மஞ்சள் கீற்றாகத்தான் தெரிந்தன. ஆறு ஆங்ஸ்ட்ராம் பிரியாத கருவியில் நெபுலாவின் 0.8-ஐப் பிரிக்கவே முடியாது. பிரிக்க மட்டுமே பகுதிறன் (அலைநீளத்தைப் பிரிக்க முடிகிற இடைவெளியால் வகுத்தது) 6 ஆயிரத்துக்கு மேல் வேண்டும், வடிவத்தைத் துருவ 30 ஆயிரம் பக்கம் இருந்தால் நல்லது: காவலூர் வான்காணகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் இருப்பது போன்ற எஷெல் நிறமாலைமானி (நிறங்களை மிக நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி). வீட்டில் உப்புக் கோடுகளைப் பிரித்துவிட்டீர்களானால் முதலில் கந்தக ஜோடிக்குப் போங்கள், அவற்றுக்கு நடுவே 15 ஆங்ஸ்ட்ராம் இடம் இருக்கிறது.