மின் டிரம்ஸா, மர டிரம்ஸா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து ஆலயப் பாடகர் குழுத் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: ரோலண்ட் கம்பெனியின் டிடி-50 வகை மின் டிரம்ஸ் வாங்கவா, நல்ல மேப்பிள் மர டிரம்ஸ் வாங்கவா?

செலவு: மின் டிரம்ஸுக்கு நல்ல ஸ்பீக்கர் தனியாக வேண்டும். மரத்துக்குச் சிம்பல் (உலோகத் தட்டு), பெரிய கூட்டமென்றால் மைக்கும்.

அடி: இங்கேதான் விஷயம். ரோலண்ட் 1997-இல் கொண்டுவந்த வலைத்தோல், அதாவது அடிக்கும் பரப்பில் தோலுக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய வலை, இன்று வெகுதூரம் வந்துவிட்டது. டிடி-50-இன் ஸ்னேர் என்ற முக்கிய டிரம்முக்குள் பல சென்சார்கள். குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினால் ஒலியும் கூடவே மாறுகிறது. ஆனாலும் வலை குச்சியைக் கொஞ்சம் அதிகமாகவே துள்ள விடுகிறது. மரத்தில் பழகிய மணிக்கட்டு அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

சத்தம்: ஹெட்போன் போட்டால் ராத்திரியும் வாசிக்கலாம். ஆனால் மாடி வீடென்றால் கவனம், காலால் மிதிக்கும் பேஸ் பெடலின் அதிர்வு தரைவழியே கீழே இறங்கும். மரத்தில் ஹெட்போன் போட்டுச் சத்தத்தை அடக்க வழியே இல்லை.

இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) கரண்ட் போனால் மின் டிரம்ஸ் ஊமை. மரம் வாசித்துக்கொண்டே இருக்கும். கம்பி, திருகுகளில் துரு ஏறாமல் துடைத்தால் சரி.

வீட்டுப் பயிற்சி, ஒலிப்பதிவு என்றால் மின் டிரம்ஸ். ஆலயத்தில் நிரந்தரமாக வைக்க மரம்தான் என் தேர்வு. அப்புறம், கடையில் ஸ்னேரில் இரண்டு குச்சியாலும் மெதுவாக ஒரு ரோல் வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.