திருக்குறள்: கலண்டரா, பொக்கெட் பதிப்பா, உரைப்புத்தகமா?

திருகோணமலைப் புத்தகக் கடைகளில் திருக்குறள் பெரும்பாலும் மூன்று உருவத்தில் கைக்கு வரும். நாளுக்கொரு தாள் கிழிக்கும் கலண்டர் ஒன்று, சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு பதிப்பு ஒன்று, பழைய உரையாசிரியர் பரிமேலழகரின் உரையோடு வரும் தடித்த புத்தகம் மற்றது. வாசித்து ரசிக்க எதை வாங்கினாலும் குறையில்லை. கடன் எடுக்கலாமா, ஆளை வைக்கலாமா, இந்த இடத்தில் கடை போடலாமா என்று முடிவெடுக்கக் குறளைக் கையில் எடுப்பவருக்கு மட்டும் மூன்றும் ஒன்றல்ல. இந்த மதிப்பீடு அவருக்கானது.

கலண்டரை முதலில் பார்த்து ஒதுக்கிவிடலாம். 1330 குறளை 365 தாளில் அடக்க முடியாது. முதற்குறளில் தொடங்கி வரிசையாகப் போடும் கலண்டரில் டிசம்பர் 31 அன்று வருவது 365ஆம் குறள், அவாவறுத்தல் அதிகாரம். பொருட்பால் தொடங்குவதோ 381இல். வருடம் முழுக்கத் தாள் கிழித்தாலும் தொழில், கடன், ஆள் தெரிவு பற்றிய ஓர் அதிகாரம்கூடக் கண்ணில் படாது. வரிசையை விட்டுப் பொறுக்கிப் போடும் கலண்டர்கள் இன்னும் மோசம். அவற்றில் முயற்சியைப் புகழும் குறள்களே முந்தி வரும்; யோசிக்கச் சொல்லும் குறள்கள் பின்தங்கும். அதிகாரத்தின் பெயரும் பல தாள்களில் இருக்காது. இன்னொரு வேடிக்கை: காலமறிதல் குறளுக்கு மேலேயே இராகு காலமும் நல்ல நேரமும் அச்சாகியிருக்கும். வள்ளுவர் அங்கே பேசுவது, பகலில் காக்கை கூகையை வெல்லும் பொழுதைப் பற்றி. பஞ்சாங்கம் பார்க்க அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கலண்டரின் அடிப்படைக் கோளாறு, குறளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான். பாவனைக்கு அதிகாரமே அலகு. பத்துக் குறளும் ஒரு விடயத்தைப் பத்துப் பக்கத்திலிருந்து பார்க்கும். ஒன்று சொன்னதை அடுத்தது கட்டுப்படுத்தும். அதிகாரங்களுக்கும் வரிசை உண்டு. 47 தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். இந்த ஆறையும் சேர்த்து வாசித்தால் ஒரு முடிவை எடுக்கும் முழு ஒழுங்கும் கிடைக்கும். முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை 62ஆவதாகத்தான் வருகிறது. சுவரில் ஒட்டப்படுவது பெரும்பாலும் அந்த 62 மட்டும்.

சிறு பதிப்பு பரவாயில்லை, பார்த்து வாங்கினால். கடையில் நின்றபடியே மூன்று சோதனை செய்யலாம். முதலாவது சீர். குறளுக்கு முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று, ஆக ஏழு சீர். வாசிக்க இலேசாகச் சொற்களைப் பிரித்துப் போடும் பதிப்புகளில் இந்தக் கணக்குப் பிசகும். மேலே மூலம் ஒழுங்காக இருந்தால் அதைப் பிழையென்று சொல்ல வேண்டியதில்லை. மூலமே ஆறோ எட்டோ சீராக நின்றால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். இரண்டாவது எண். குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண் வரவேண்டும்: 467 என்றால் 47. பூச்சியத்தில் முடிந்தால் கூட்ட வேண்டாம்: 470உம் 47தான். எண் பிசகினால் தேடிய குறள் அகப்படாது. மூன்றாவது கட்டு. நடுப்பக்கத்தை விரித்தால் தைத்த நூல் தெரிய வேண்டும். பசையால் ஒட்டிய கட்டு உப்புக் காற்றிலும் வாடைமழை ஈரத்திலும் சீக்கிரம் விட்டுப்போகும். அடிக்கடி விரிக்கும் பக்கங்களே முதலில் கழலும்.

சிறு பதிப்பின் குறை, ஒற்றை வரிப் பொருள். 461ஐப் பாருங்கள்: 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்'. ஒற்றை வரியில் இது 'இலாப நட்டம் பார்த்துச் செய்' என்று சுருங்கிவிடும். பரிமேலழகர் மூன்றாகப் பிரிக்கிறார்: இப்போது அழிவது, அழிந்த பின் ஆவது, அந்த ஆக்கம் நின்று பின்னர் தரும் ஊதியம். கடன் எடுப்பவர் தடுக்கி விழுவது இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக எண்ணுகிற இடத்தில்தான். ஆகவே முடிவெடுக்க வாங்குவதென்றால் உரைப்புத்தகம்தான் என் தெரிவு. 1861இல் ஆறுமுக நாவலர் பதிப்பித்ததும் இந்த உரையைத்தான். இன்று எல்லோரும் சொல்லும் குறள் எண்ணும் இந்த உரையின் வரிசையைப் பின்பற்றியதே. நடை கடினம். ஒரு குறளுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். பொருட்பாலை அரசனுக்குச் சொன்னதாகவே கொண்டு போவார். வேந்தன் வரும் இடத்தில் முதலாளியையும், மாற்றான் வரும் இடத்தில் பக்கத்துக் கடையையும் வைத்து வாசித்தால் போதும். அறத்தை மனு முதலிய நூல்களின் விதியாக வரையறுக்கும் அவருடைய முன்னுரையை அப்படியே விழுங்கத் தேவையில்லை. மனைவி சொற்படி நடப்பதைப் பழிக்கும் 91ஆம் அதிகாரம் பெண்வழிச்சேறலையும் விட்டுவிடலாம். கணக்குக் கொப்பி அம்மாவின் கையில் இருக்கும் வீட்டில் அந்தப் பத்தையும் பின்பற்றினால் கணக்குத்தான் குழம்பும்.

இனிப் பாவனை. கடற்கரையூரான நிலாவெளியில் நான்கு அறை விடுதி நடத்துபவர் இன்னும் இரண்டு அறை கட்டக் கடன் எடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொப்பியில் எதிரெதிர் இரண்டு பக்கம் போதும்.

461க்கு மூன்று நிரல். அழிவது என்பதில் சீமெந்து, கம்பி, மேசன் கூலியோடு, கட்டும் சத்தத்தால் பழைய அறைகளில் குறையும் வாடகையையும் எழுத வேண்டும். இதைப் பலர் விடுவார்கள். ஆவது, புது அறைகளின் வாடகை. ஊதியம், அந்த வாடகையிலிருந்து தவணைக்காசு, கரண்ட் பில், சலவை, ஒன்லைன் பதிவுத் தளங்களுக்குப் போகும் கமிசன் எல்லாம் கழித்து மிஞ்சுவது. மூன்றாம் நிரல் சிறிதாக இருந்தாலும் பயமில்லை. வெறுமையாக இருந்தால் அடுத்த பக்கம் தேவையில்லை.

அடுத்தது 463, 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்'. இங்கே கேள்வி ஒன்றே: ஈடாக வைப்பது எது? இருக்கிற விடுதியின் காணி உறுதியையே வைப்பதானால், இரண்டு அறைக்காக நான்கு அறையைப் பணயம் வைப்பதாகும். ஈட்டை மாற்ற முடியுமா, தொகையைக் குறைக்க முடியுமா என்று பார்த்த பிறகே மேலே போகலாம்.

471 நான்கு வலியைக் கேட்கிறது: வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி. தன்வலி நிரலை முதலாளி தானே நிரப்பக் கூடாது. வீட்டில் இன்னொருவர் எழுத வேண்டும். தன்னை வியந்தவன் விரைந்து கெடுவான் என்று 474 அதே அதிகாரத்திலேயே எச்சரிக்கிறது. துணைவலியில் பிணை நிற்பவரின் பெயரோடு, அவர் ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்பதும் வேண்டும்.

பிறகு 478. 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை'. வரும் வழி சிறிதானாலும் போகும் வழி அதைவிட அகலாதிருந்தால் கேடில்லை. கிழக்குக் கரையில் பருவத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பிசகுவது இங்கேதான். சித்திரை முதல் புரட்டாதி வரை ஆறு மாதம் மாதத்துக்கு 120,000 ரூபா கையில் மிஞ்சுகிறது, மற்ற ஆறு மாதம் ஒன்றுமில்லை என்று ஒரு கணக்குக்கு எடுப்போம். தவணைக்காசு 42,000. பருவ மாதத்தில் அது வரவின் 35 வீதம், இலேசாகத் தெரியும். வருட மொத்தம் 720,000ஐப் பன்னிரண்டால் பிரித்தால் மாதத்துக்கு 60,000. அப்போது அதே தவணை 70 வீதம். கடன் கொடுப்பவர் முதலாவது கணக்கைக் காட்டுவார். கொப்பியில் எழுத வேண்டியது இரண்டாவதை. இதன்மேல் சீட்டுக்காசு, லீசிங் ஆட்டோ என்று ஏற்றினால் 475இன் மயில்பீலி வண்டிதான்: பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும்.

காலத்துக்கு 482, பருவத்தோடு ஒட்ட ஒழுகுதல். விடுதி காலியாக இருக்கும் மாதங்களில் கட்டுவதே நல்லதென்று தோன்றும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடைமழைக்குள் அத்திவாரம் வெட்டினால் குழி தண்ணீரில் நிற்கும். மழை விட்ட பிறகு மாசி, பங்குனிதான் கைக்குக் கிடைக்கும். அந்த இடைவெளிக்குள் கூரை ஏறாவிட்டால் முதற் பருவம் போச்சு. தவணை மட்டும் நிற்காமல் வரும். மேசனிடம் நாள் கேட்காமல் வங்கியில் கையெழுத்துப் போடக் கூடாது. இடத்துக்கு 496 போதும்: தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது. கடற்கரையில் நிரம்பும் விடுதியை வைத்து நகரத்து வீதியோர அறைக்குக் கணக்குப் போட முடியாது.

ஆள் வைப்பதற்கு 504, 510, 517 மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். குணத்தையும் குற்றத்தையும் எழுதி எது மிகை என்று பார்ப்பது முதலாவது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் என்பது இரண்டாவது. இந்த வேலையை இந்தக் கருவியால் இவன் முடிப்பான் என்று ஆய்ந்து அவனிடமே விடுவது மூன்றாவது. விருந்தினரோடு நன்றாக ஆங்கிலம் கதைக்கும் தம்பி காசு மேசைக்குத் தோதானவர் என்று இதில் எங்கும் இல்லை. வேலையைக் கொடுத்துவிட்டு மணிக்கொருக்கால் போன் எடுத்துக் கேட்பவர்கள் 510இன் இரண்டாம் பாதியை மறந்தவர்கள்.

கடைசியில் 675இன் ஐந்து: பொருள், கருவி, காலம், வினை, இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்த வரி வெறுமையோ, வேலை அங்கேதான் நிற்கப் போகிறது. ஐந்தும் நிரம்பினால் அதன் கீழே திகதியிட்டு 467: 'எண்ணித் துணிக கருமம்'.

இந்த முறை கெடுவதற்கு வழமையான காரணங்கள் சில உண்டு. துணிந்த பிறகு எண்ணக் கூடாது என்று 467 முடிவதை, நிலைமை மாறினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எடுப்பது ஒன்று. அடுத்த குறளே, வழியறியாத முயற்சி பலர் தாங்கினாலும் பொத்துப்போகும் என்கிறது. இரண்டாவது, ஊழையும் புறங்காணலாம் என்ற 620ஐ நட்டத்தில் ஓடும் கடைக்குத் துணையாக்குவது. 463இல் தோற்ற வேலைக்கு 620 பொருந்தாது. முதலே கரையும்போது முயற்சியைக் கூட்டினால் கரைவதும் கூடும். மூன்றாவது, ஒரே இரவில் ஆறு அதிகாரத்தையும் முடிக்கப் பார்ப்பது. நாளுக்கு ஒன்று, ஆறு நாள். அதற்கு அவகாசம் தராமல் இன்றைக்கே கையெழுத்துக் கேட்கும் கடனை 47ஆம் அதிகாரம் தொடங்கும் முன்பே விட்டுவிடலாம்.

கைப்பேசிச் செயலிகள் தேடுவதற்கு நல்லவை. திரைக்கு ஒரு குறளாகக் காட்டுபவை கலண்டரின் குறையையே கொண்டவை. அதிகாரம் முழுவதும் ஒரே பக்கத்தில் வரும் செயலியைத் தெரிவு செய்யுங்கள்.

உரைப்புத்தகத்தைப் பழைய புத்தகமாக வாங்கினால் 461 முதல் 520 வரையுள்ள பக்கங்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் வெளிச் சுவரோடு ஒட்டிய தட்டில் வைத்தால் மார்கழிக்குள் அட்டை பூஞ்சணம் பிடிக்கும். உள் அறையில் நிமிர்த்தி, காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு வையுங்கள். பொலித்தீன் உறை போடுவதானால் அட்டைக்கு மட்டும். முழுப் புத்தகத்தையும் பைக்குள் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.