கத்திரி வெயிலில் ஐஃபோன் 13: மூன்று வருடத்துக்குப் பிறகு மாற்றலாமா?

2022 தீபாவளியை ஒட்டி வாங்கிய ஐஃபோன் 13-ஐத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். நான் மெடிக்கல் ரெப். காலையில் அம்பத்தூரில் ஸ்கூட்டரை எடுத்தால் புரசைவாக்கம், எழும்பூர், ராயபுரம் என்று சுற்றிவிட்டு இரவுதான் வீடு. டாக்டர் விசிட் பதிவது, ஸ்டாக்கிஸ்ட் பில்லைப் படம் எடுப்பது, மேப், யுபிஐ, வாட்ஸ்அப் என்று எல்லாமே இந்த ஒரு போனில். மாற்றலாமா, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா என்று சில மாதங்களாக யோசித்து, கிடைத்த போன்களோடெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலான ரிவ்யூக்கள் போன் வந்த முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. சென்னையில் ஒரு மே மாதத்தைத் தாண்டாத போனைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐஓஎஸ் 15-உடன் வெளிவந்த மாடல், இன்று ஐஓஎஸ் 26-இல் ஓடுகிறது. ஏ15 சிப் இன்னும் திணறவில்லை. நான் வாங்கியபோது சென்னையில் 5ஜி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஐஃபோன்களுக்கு அது 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் கிடைத்தது. அன்றிலிருந்து நகரத்துக்குள் நெட்வொர்க் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் இந்த போனில் வராது, ஐஃபோன் 15 ப்ரோவிலிருந்துதான் வரும். அதற்காக மாற்றாதீர்கள் என்பேன். அதில் தமிழ் கிடையாது. தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்க கூகுளின் ஜெமினி ஆப் இருக்கிறது, அது இந்தப் பழைய போனிலேயே நன்றாக ஓடுகிறது.

சரி, பேட்டரிக்கு வருவோம். சென்னையில் போனின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

ஐஃபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள வெப்பநிலையில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் நம் ஊர் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். ஸ்கூட்டர் ஹேண்டிலில் மேப் ஓடிக்கொண்டிருக்கும் போனுக்கு மேலே வெயில், உள்ளே ஜிபிஎஸ், திரை, டேட்டா எல்லாம் கிளப்பும் சூடு. அண்ணா நகரிலிருந்து எழும்பூர் போவதற்குள் திரை தானாக மங்கிவிடும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை அது. ஆனால் லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடுதான் பெரிய எதிரி. சூடு ஏற ஏற உள்ளே நடக்கும் வேதிவினைகள் வேகமாகி, அது பிடித்து வைத்திருக்கும் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. முழு சார்ஜில் இருக்கும்போது சூடானால் இன்னும் மோசம்.

ஐஃபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐஃபோன் 15-இலிருந்து அதுவே 1000 சுற்றுகள். என்னைப் போல் மதியமே ஒரு தடவை சார்ஜ் ஏற்றுகிற ஆளுக்கு 500 சுற்று எவ்வளவு நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போன வருடம் கத்திரி முடிந்தபோது என் போனின் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே போய்விட்டது. மாலை நான்கு மணிக்குச் சிவப்புக் கோடு. கடைசி டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் போன் அணைந்துவிட்டால் அன்றைய ரிப்போர்ட்டே போச்சு.

பேட்டரியை மாற்றுவதற்கு முன் ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரத் தம்பி ஒளிக்காமல் சொன்னார்: "அண்ணே, நல்ல பேட்டரிதான் போடுவேன். ஆனா ஒரிஜினல்னு பில்லுல எழுதித் தர முடியாது. செட்டிங்ஸ்ல மெசேஜ் வரும். வாட்டர் ப்ரூஃபையும் நம்பாதீங்க." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஐபி68 என்கிற தண்ணீர், தூசிப் பாதுகாப்பு திரையைச் சுற்றி ஓடும் ஒட்டுப் பசையை நம்பி இருக்கிறது. திறந்து மூடும்போது புதுப் பசையைச் சரியாகப் போடாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டைப் பையோடு நனையும் போனுக்கு அபாயம்தான். நேரான பதில் சொன்ன தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டு, அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அங்கே கூடுதல் செலவுதான். புது போன் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகை. மாலையில் வாங்கிவந்து மறுநாள் வேலைக்குப் போனபோது, இரவு வீடு திரும்பியும் மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் மீதி இருந்தது. போன் 'ஸ்லோ'வாகிவிட்டது என்று சொல்லி மாற்றத் துடிக்கிறவர்கள் முதலில் பேட்டரி ஹெல்த்தைப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கச் சிப்பின் வேகத்தைப் போனே குறைத்துக்கொள்ளும் வசதி ஐஓஎஸ்ஸில் உண்டு. பேட்டரியை மாற்றினால் வேகமும் திரும்பிவிடும்.

அப்புறம் சார்ஜர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாங்கள் பள்ளிக்கரணையில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டோம். கரண்ட் இல்லை, கீழ்வீட்டில் தண்ணீர், டவரும் வந்து வந்து போனது. சிக்னல் பலவீனமாக இருக்கும்போது டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். அதனால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவைத்து, நேரம் விட்டு நேரம் திறந்து பார்த்தேன். மூன்றாம் மாடிக்காரர் பெரிய பவர் பேங்க் வைத்திருந்தார், கேட்டவர்களுக்கெல்லாம் மனசாரக் கொடுத்தார். அத்தனை பேர் போனுக்கும் சி-டைப் கேபிள் பொருந்தியது, எனக்கு மட்டும் லைட்னிங். கட்டடம் முழுக்கக் கேட்டு இரண்டாம் மாடி அம்மாவிடம் ஒரு கேபிள் கிடைத்தது. ஐஃபோன் 15-இலிருந்து சி-டைப் வந்துவிட்டது. இதை நான் சொகுசு என்று சொல்லமாட்டேன். புயல் வருகிற ஊரில் பக்கத்து வீட்டுக் கேபிள் நம் போனில் பொருந்துவது பெரிய பாதுகாப்பு.

இனி நான் மாற்ற நினைப்பதற்கு உண்மையான காரணம். திரை வெளிச்சம்.

ஐஃபோன் 13-இன் திரை வழக்கமான பயன்பாட்டில் அதிகபட்சம் 800 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). வாங்கிய நாளில் கடைக்குள் நின்று பார்க்கும்போது யாருக்கும் அது குறையாகத் தெரியாது. என் ஜூனியர் போன அக்டோபரில் ஐஃபோன் 17 வாங்கினார். வெளியில் அதன் உச்ச வெளிச்சம் 3000 நிட்ஸ். பிப்ரவரி மாத மதியம் எழும்பூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தோம். எங்கள் ரிப்போர்ட்டிங் ஆப்பில் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. என் போனில் டாக்டர் பெயரை எடுக்க, இடது கையை மேலே குடை போல் வைத்து, கண்ணைச் சுருக்கி, முகம் தெரியும் கண்ணாடிக்குள் எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. அவர் போனில் நின்ற இடத்திலேயே படிக்க முடிந்தது. "அண்ணா, நீங்க தினமும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம், மூன்று வருடமாக. வெயிலில் நின்று யுபிஐயில் தொகையைச் சரிபார்ப்பது, மெட்ரோ கேட்டில் க்யூஆர் டிக்கெட்டைத் தேடிப் பிடிப்பது, இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக மாற்றிவிட்ட பாதைகளை மேப்பில் பார்ப்பது என்று ஒரு நாளில் எத்தனை தடவை இந்தக் கண் சுருக்கல்!

புது போனும் சூடானால் மங்கும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 3000-இலிருந்து மங்குவதும் 800-இலிருந்து மங்குவதும் ஒன்றல்ல. பேட்டரியை மாற்றலாம், கேபிளை இரவல் வாங்கலாம். திரை வெளிச்சத்தை மட்டும் எந்தக் கடையிலும் கூட்டித் தர முடியாது.

120 ஹெர்ட்ஸ் பற்றி, அதாவது திரை நொடிக்கு 120 தடவை வரை புதுப்பிக்கப்படுவது பற்றி, நிறையப் பேசுகிறார்கள். ஐஃபோன் 17-இல் இருக்கிறது, தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஐஃபோன் 16-இல் அது இல்லை. என் தேவைக்கு இது முடிவு செய்கிற விஷயம் இல்லை.

கேமரா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று படம் எடுத்தால் ஐஃபோன் 13-இன் 12 மெகாபிக்சல் போதவில்லை. ஜூம் செய்தால் நாயன்மார் முகங்கள் குழைந்துவிடுகின்றன. 48 மெகாபிக்சல் கேமரா உள்ள மாடல்களில் 2 மடங்கு வரை தெளிவு நிற்கிறது. மச்சானின் கேலக்ஸி எஸ்25-இல் தனி 3 மடங்கு லென்ஸ் இருக்கிறது, இந்த இடத்தில் அதுதான் முதலிடம். பகல் வெளிச்சத்தில் பில்லையும் மருந்துப் பட்டியலையும் எடுக்க மூன்றுமே ஒன்றுதான்.

ஸ்கூட்டரில், பைக்கில் போனை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் அதிர்வு, படம் ஆடாமல் இருக்க உதவும் கேமரா பாகத்தைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. மொபெட், ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைத் தாங்கும் டாம்பர் வைத்த மவுண்ட் போடச் சொல்கிறது. நான் முதல் நாளிலிருந்தே அப்படிப்பட்ட மவுண்ட்தான் வைத்திருக்கிறேன். நம் ரோட்டில் மூன்று வருடம் குலுங்கியும் கேமரா நன்றாக இருக்கிறது. மவுண்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

விலைக்கு வருவோம். ஐஃபோன் 17, 256 ஜிபி, 2025 செப்டம்பரில் அறிவித்த விலை 82,900 ரூபாய். அதே சமயத்தில் ஐஃபோன் 16-ஐ 69,900-க்குக் குறைத்தார்கள். எஸ்25 அந்த வருட ஜனவரியில் 80,999-க்கு வந்தது. கூகுளின் பிக்சல் 9ஏ 49,999. சாம்சங்கும் கூகுளும் இந்த இரண்டுக்கும் ஏழு வருட அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. நீண்ட நாள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம், முன்பெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகவே ஐஃபோன் வாங்கச் சொல்வேன், இப்போது அப்படிச் சொல்ல முடியாது. "பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்லயே செய்யறான், அப்புறம் ஏன்டா இந்த விலை?" என்று அப்பா கேட்கிறார். ஐஃபோன் 13-ஐயே 2022-இல் அங்கே தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-இலிருந்து 18 ஆகக் குறைத்தபோது போனுக்கும் குறையும் என்று பலர் காத்திருந்தார்கள். போன் ஏற்கெனவே 18-இல்தான் இருந்தது, மாறவில்லை.

ஆண்ட்ராய்டுக்கு மாறினால் தமிழில் தட்டச்சு என்ன ஆகும் என்பது என் பெரிய யோசனையாக இருந்தது. அஞ்சல், தமிழ்99 என்கிற தமிழ் கீபோர்டுகள் இரண்டும் ஐஓஎஸ் 7-இலிருந்தே ஐஃபோனிலேயே கூட வருகின்றன, என் விரல் அஞ்சலுக்குப் பழகிவிட்டது. மச்சான் போனில் செல்லினம் என்கிற தமிழ் கீபோர்டு ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். அதே முறை, அதே வேகம். அதனால் அந்தத் தடை இல்லை. எஸ்25 கையில் பிடிக்கவும் லேசாக இருக்கிறது, 162 கிராம்தான், வெளி வெளிச்சத்திலும் குறை இல்லை. இருந்தும் எங்கள் கம்பெனி ஆப்பில் மூன்று வருட டாக்டர் குறிப்புகள், வாட்ஸ்அப் வரலாறு எல்லாவற்றையும் இடம் மாற்றும் வேலையை மாதக் கடைசி டார்கெட் நெருக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. புதிதாக வாங்குகிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர்கள் எஸ்25-ஐயும் தாராளமாகப் பார்க்கலாம். பட்ஜெட் ஐம்பதாயிரத்துக்குள் என்றால் பிக்சல் 9ஏ.

டைடல் பார்க்கிலோ சிறுசேரியிலோ நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒருவர் ஐஃபோன் 13 வைத்திருந்தால், பேட்டரியை மாற்றிக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள் என்பேன். ரோட்டில் வேலை பார்க்கிறவர் என்றால் திரைக்காகவே மாற்றலாம். டெலிவரி, சர்வே, சைட் இன்ஜினியர், என்னைப் போன்ற ரெப் எல்லாருக்கும் இது பொருந்தும். நான் ஐஃபோன் 17 என்று முடிவு செய்துவிட்டேன். கத்திரிக்கு முன்னால், சித்திரை பிறப்பதற்குள் வாங்கிவிடுவேன்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் போட ஒரு கடையில் கேட்டேன். பேட்டரி புதிது என்று பில்லைக் காட்டியும் அதற்காக ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. அந்த விலைக்குக் கொடுப்பதைவிட அப்பாவுக்கே கொடுக்கலாம். அவர் வீட்டுக்குள் பேப்பர் படிப்பார், வீடியோ கால் பேசுவார், அதற்கு 800 நிட்ஸ் தாராளம். "எழுத்த மட்டும் பெருசா வச்சுக் குடு" என்று சொல்லியிருக்கிறார். லைட்னிங் கேபிள் இரண்டும் அவரிடமே போய்விடும். ஸ்கூட்டர் மவுண்ட் என்னோடு இருக்கும்: இரண்டு போனுக்கும் அகலம் ஒன்றுதான், 71.5 மில்லிமீட்டர்.