மெக்னீசியமா, மீன் எண்ணெயா? இன்சுலின் ஏற்புத்திறனுக்கு எது துணை

பாம்பன், மண்டபம் பக்கத்தில் சர்க்கரை நோய் கண்ட வீடுகளில் மெக்னீசியம், மீன் எண்ணெய், வைட்டமின் டி, குரோமியம் ஆகிய நான்கில் இன்சுலின் ஏற்புத்திறனை, அதாவது இன்சுலினுக்கு உயிரணுக்கள் இணங்கும் திறனை, மேம்படுத்த எதை வாங்குவது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இவற்றுள் நான் முதலிடம் தருவது மெக்னீசியத்துக்குத்தான்; அதுவும் மாத்திரையாக அல்ல, உணவாக.

இன்சுலின் உயிரணுவின் ஏற்பியில் (அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில்) பொருந்தியதும், அந்த ஏற்பி உள்ளே செய்தியைக் கடத்த ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைப் பயன்படுத்துகிறது. ஏடிபியோ மெக்னீசியத்தோடு இணைந்திருந்தால்தான் அங்கே பயன்படும். அச்செய்தி சென்று சேர்ந்த பிறகே தசையணுக்கள் குளுக்கோஸை உள்வாங்கும் கடத்திகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீர் வழியே மெக்னீசியம் மிகுதியாக வெளியேறுவதால், குறைபாடு நோயையும் நோய் குறைபாட்டையும் மாறி மாறி வளர்த்துவிடுகின்றன. குறைபாடு உள்ளவர்களுக்கு இச்சத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஏற்புத்திறன் மேம்பட்டிருக்கிறது. போதிய அளவு உள்ளவர்களிடம் அதே பலனை எதிர்பார்க்க இயலாது.

அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு மெக்னீசியத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. தவிடு நீங்காத குதிரைவாலி, கம்பு, முருங்கைக்கீரை, நிலக்கடலை ஆகியவற்றில் அது இருப்பதோடு, சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கும் நார்ச்சத்தும் கூடவே கிடைக்கிறது. மாத்திரையில் இந்த இரண்டாவது நன்மை இல்லை.

மீன் எண்ணெயின் கதை வேறு. சூடை, சாளை, நெத்திலி ஆகியவற்றிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு அமிலம் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் குறைக்கும் என்பது உறுதி. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான பெரிய மதிப்பாய்வு, இரண்டாம் வகை நீரிழிவைத் தடுப்பதிலோ கட்டுப்படுத்துவதிலோ அதற்கு விளைவு மிகச் சிறிது அல்லது இல்லை என்றே கண்டது. காலையில் கரைக்கு வந்த சூடையை மதியம் குழம்பாக்கும் வீட்டில், சர்க்கரைக்கென்று மீன் எண்ணெய் மாத்திரை வாங்கப்படுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாற்ற வேண்டியது அந்தக் குழம்பை அல்ல, அதற்கடியில் குவியும் தீட்டிய அரிசிச் சோற்றின் அளவை. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைப் பச்சை மீனுக்கு ஈடாகக் கொள்ளலாகாது.

வைட்டமின் டி குறைந்திருந்தால் எலும்பின் பொருட்டே அதைச் சரிசெய்தாக வேண்டும். ஆயினும் நீரிழிவின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 4,000 அலகு கொடுத்தும் நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. குரோமியத்தைப் பொறுத்தவரை, அது மனிதருக்கு இன்றியமையாத சத்து என்பதற்கே நம்பத்தக்க சான்றில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் கூறிவிட்டது. அதற்குச் செலவிட வேண்டாம் என்பேன்.

மெக்னீசியம் மாத்திரையே தேவை என்று கருதுவோர், முதலில் சிறுநீரகத்தின் நிலையைச் சோதித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் வெளியேற முடியாத மெக்னீசியம் இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும்.