சுமைகூலி முக்கால் பணம்: நான்கு விதமான ஹோட்டல் கட்டணங்களில் எது யாருக்குக் கட்டுப்படியாகும்?

லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் கவுன்ட்டர். சில வருடங்களுக்கு முந்தைய கதை. 3 இரவுக்கான வாடகையை ஆன்லைனிலேயே கட்டிவிட்டு, அம்மாவோடு போய் நின்றேன். சாவி கார்டை உறையில் போட்டுக்கொண்டே ரிசப்ஷனில் இருந்த பெண், "இரவுக்கு 45 டாலர் ரிசார்ட் கட்டணம் தனி, அதற்கு வரியும் உண்டு, கிரெடிட் கார்டைக் கொடுங்கள்" என்றார். எதற்கு என்று கேட்டதும் ஓர் அட்டையை நீட்டினார். வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர் போன் அழைப்புகள், நாளுக்கு 2 பாட்டில் தண்ணீர்.

அம்மாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. முழங்கால் வலியோடு வந்தவர் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலைக்கூட மிதிக்கப் போவதில்லை. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரூமுக்குத்தான் பணம் கட்டிட்டோமேப்பா, அப்புறம் இது எதுக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். வேண்டாம் என்று திரும்பினால் கட்டிய வாடகை வராது, ராத்திரி நேரத்தில் வேறு அறை தேட வேண்டும். 135 டாலரும் அதற்கான வரியும் கொடுத்தேன். அறைக்குப் போய் போனில் தேடியபோது, முன்பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் கட்டணம் இருந்தது தெரிந்தது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியின் முழு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எங்கே அறை தேடினாலும் வாடகையைவிட, வாடகைக்கு மேல் என்ன ஏறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பார்த்தவரையில், தப்பிக்க முடியாத கூடுதல் கட்டணங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன: அமெரிக்க ரிசார்ட் கட்டணம், நகரங்களும் நாடுகளும் போடும் தங்கல் வரி, ஆசிய ஹோட்டல்களின் "ப்ளஸ் ப்ளஸ்", பயணிகள் சில நாளுக்கு எடுக்கும் வாடகை வீடுகளின் க்ளீனிங் கட்டணம். நான்கும் எரிச்சல்தான். ஆனால் நான்கும் ஒன்றல்ல. பணம் யாருக்குப் போகிறது, எப்போது சொல்கிறார்கள், எதனால் பெருக்குகிறார்கள் (ஆளாலா, அறையாலா, இரவாலா) என்ற மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. பையைக் காலி செய்வது அதுதான்.

ரிசார்ட் கட்டணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், என் கோபம் அதிகம் இருப்பது அதில்தான். 1990களின் இறுதியில் நீச்சல்குளம், டென்னிஸ் மைதானம் என்று உண்மையிலேயே வசதிகள் இருந்த உல்லாச விடுதிகளில் இது தொடங்கியது. பிறகு குளமும் இல்லாத, கடற்கரையும் இல்லாத நகர ஹோட்டல்களுக்கும் பரவியது. அங்கே "ரிசார்ட்" என்று சொல்ல முடியாததால் "டெஸ்டினேஷன் கட்டணம்" என்று பெயர் வைத்தார்கள். இரவுக்கு இவ்வளவு என்று அறைக்குப் போடுவார்கள். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

வாடகையிலேயே சேர்த்துவிட்டால் என்ன? இரண்டு லாபம் போய்விடும். முன்பதிவுத் தளங்களில் எல்லாரும் விலை குறைந்த அறையை மேலே வரும்படி அடுக்கித்தான் பார்க்கிறோம். 140 டாலர் அறையை 100 என்று காட்டினால் பட்டியலில் மேலே ஏறலாம். இரண்டாவது, தளங்கள் எடுக்கும் கமிஷன் வெகுகாலம் வாடகைக்கு மட்டும்தான் இருந்தது. தனியாக வாங்கிய கட்டணத்தில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2019இல் புக்கிங் டாட் காம் அந்தக் கட்டணத்துக்கும் கமிஷன் கேட்க ஆரம்பித்ததற்குக் காரணம் இதுதான்.

வாடிக்கையாளர்களை ஏமாற்றும் வியாபாரத்தைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012இலேயே 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017 ஜனவரியில் அதன் பொருளாதாரப் பிரிவே ஓர் அறிக்கை வெளியிட்டது: மொத்த விலையை முதலில் சொல்லாமல் கட்டணத்தைப் பிரித்துக் காட்டுவது வாடிக்கையாளருக்குக் கேடு, தேடவும் ஒப்பிடவும் அதிகம் மெனக்கெட வைக்கிறது என்று அதில் இருந்தது. கவுன்ட்டரில் நின்று நான் பட்டதை அவர்கள் கணக்காகவே எழுதிவிட்டார்கள். 2019 ஜூலையில் வாஷிங்டன் டிசியின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) மேரியட் ஹோட்டல் நிறுவனத்தின் மீதும், நெப்ராஸ்கா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஹில்டன் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். 2021 நவம்பரில் மேரியட் பென்சில்வேனியாவோடு சமரசம் செய்துகொண்டு, முதல் பக்கத்திலேயே மொத்த விலையைக் காட்ட ஒப்புக்கொண்டது. கலிஃபோர்னியா 2024 ஜூலை 1 முதல் சட்டமாகவே போட்டது. நாடு முழுவதற்குமான விதி 2025 மே 12இல் அமலுக்கு வந்தது: ஹோட்டலானாலும் வாடகை வீடானாலும், கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த தொகையைத்தான் பெரிதாகக் காட்ட வேண்டும். பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் 6 முதல், கொஞ்சம் கொஞ்சமாக விலையை ஏற்றிக் காட்டுவதற்குத் தடை வந்துவிட்டது.

ஆக, இனி ஏமாற வேண்டியதில்லையா? பாதி சரி. அமெரிக்க விதி கட்டணத்தை ஒழிக்கவில்லை, ஒளிப்பதைத்தான் தடுத்தது. அரசு வரிகளைப் பெரிதாகக் காட்டும் தொகைக்கு வெளியே வைக்கவும் அது அனுமதிக்கிறது. பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப் சாலையில் அறை வரி 13.38 சதவீதம். வாடகைக்கு மட்டுமில்லை, ரிசார்ட் கட்டணத்துக்கும் அதே வரி உண்டு. 50 டாலர் கட்டணம் 56.69 டாலராக உங்கள் பில்லில் ஏறும். பார்க்கிங்கும் மொத்தத்தில் வராது, விருப்பம் இருந்தால்தானே என்பார்கள். காரில் போகிறவருக்கு அதில் விருப்பம் எங்கே இருக்கிறது?

ஹோட்டல் சங்கிலிகள் தங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் பாயிண்ட்ஸைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், சங்கிலி ஹோட்டல்களுக்குள் நிஜமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. முழுக்கப் பாயிண்ட்ஸில் எடுக்கும் இரவுகளுக்கு ஹயாட்டும் ஹில்டனும் ரிசார்ட் கட்டணம் வாங்குவதில்லை. மேரியட்டில் "இலவச" இரவுக்கும் கட்டணம் உண்டு. ரிசார்ட் கட்டணம் அதிகமுள்ள ஊருக்குப் போவதாக இருந்தால் ஹயாட், ஹில்டன் பாயிண்ட்ஸை அங்கே செலவழியுங்கள். மேரியட் பாயிண்ட்ஸைக் கட்டணமே இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கல் வரி வேறு ஜாதி. பணம் ஹோட்டலுக்குப் போகாது, நகராட்சிக்கோ அரசுக்கோ போகும். அதனால் கோபம் பாதி அடங்கிவிடுகிறது. ஆனாலும் பல இடங்களில் இது முன்பதிவுத் தொகைக்கு வெளியே, ஹோட்டலில் நேரில் கட்டுவதாக இருக்கிறது. இதில் பார்க்க வேண்டியது, எப்படிப் பெருக்குகிறார்கள் என்பதுதான். துபாயில் 2014 முதல் "டூரிஸம் திர்ஹாம்" என்று அறைக்கு, இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. அறைக்கு என்பதால் இரண்டு பேரானாலும் நான்கு பேரானாலும் அதே தொகை. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு, இரவுக்கு 10 ரிங்கிட். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை விலையில் 12.5 சதவீதம், விலை உயர்ந்த அறை எடுத்தால் வரியும் உயரும். ரோமில் ஆளுக்கு, இரவுக்கு: 4 நட்சத்திர ஹோட்டலில் 7.50 யூரோ, 5 நட்சத்திரத்தில் 10 யூரோ. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை, 10 இரவுக்கு மேல் வாங்க மாட்டார்கள். மாலத்தீவில் 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் பசுமை வரி ஆளுக்கு, இரவுக்கு 12 டாலர். தம்பதியாக 7 இரவு தங்கினால் 168 டாலர். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்கு மேற்படாத கெஸ்ட் ஹவுஸ்களில் அது 6 டாலர்தான், அதாவது பாதி. மாலத்தீவுக்குப் போவதற்கு முன் இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தாலே ஒரு படகுப் பயணச் செலவு மிஞ்சும்.

"ப்ளஸ் ப்ளஸ்" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். ஒன்று சேவைக் கட்டணம், மற்றது வரி. சிங்கப்பூரில் 10 சதவீதமும் 9 சதவீதமும். கூட்டி 19 என்று நினைக்காதீர்கள், சேவைக் கட்டணத்தின் மீதும் வரி ஏறும். 100 என்பது 110 ஆகி, பிறகு 119.90 ஆகும். குறை என்னவென்றால், சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கு வரி சேர்க்காத விலையைக் காட்ட அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது: விகிதம் மாறாது, ஊருக்குப் புதிதாக வந்தவரும் மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

கடைசியாக வாடகை வீடு. இங்கே க்ளீனிங் கட்டணம் ஒரு தங்கலுக்கு ஒரு முறை. 1 இரவானாலும் 10 இரவானாலும் அதே தொகை. இப்படிப்பட்ட வீடுகளை முன்பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பி 2025 ஏப்ரல் முதல் உலகம் முழுக்க, வரி தவிர எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த மொத்த விலையைத் தேடும் பக்கத்திலேயே காட்டுகிறது. இது நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். க்ளீனிங்குக்குப் பணமும் வாங்கிக்கொண்டு, கிளம்பும் நாள் காலையில் படுக்கை விரிப்பைக் கழற்று, பாத்திரம் கழுவு, குப்பையை வெளியே வை என்று பட்டியல் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டு விதிகளை முன்பதிவுக்கு முன்பே படிக்க முடியும், படியுங்கள்.

இப்போது ஒரே தராசில் வைக்கிறேன். நான்கு இடத்திலும் இரவுக்கு 100 டாலர் வாடகை, மற்ற வரிகளை விட்டுவிடுவோம். முதல் இடத்தில் இரவுக்கு 40 டாலர் ரிசார்ட் கட்டணம். இரண்டாவதில் ஆளுக்கு, இரவுக்கு 8 டாலர் தங்கல் வரி. மூன்றாவதில் 10 சதவீதமும் 9 சதவீதமும். நான்காவதில் ஒரே முறை 90 டாலர் க்ளீனிங் கட்டணம். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்.

தனி ஆள், 1 இரவு: தங்கல் வரி இடத்தில் 108, ப்ளஸ் ப்ளஸில் 119.90, ரிசார்ட் கட்டணத்தில் 140, வாடகை வீட்டில் 190.

ஒரே அறையில் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளுமாக 4 பேர், 7 இரவு: வாடகை வீட்டில் 790, ப்ளஸ் ப்ளஸில் 839.30, தங்கல் வரி இடத்தில் 924, ரிசார்ட் கட்டணத்தில் 980.

முதலில் கடைசியாக இருந்த வாடகை வீடு முதலிடத்துக்கு வந்துவிட்டது. முதலில் இருந்தது மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. நடுவில் 2 பேர் 3 இரவு என்று போட்டால் தங்கல் வரி இடத்தில் 348, ப்ளஸ் ப்ளஸில் 359.70, வாடகை வீட்டில் 390, ரிசார்ட் கட்டணத்தில் 420 என்று வருகிறது. அங்கேயும் தங்கல் வரிதான் குறைவு, ரிசார்ட் கட்டணம்தான் அதிகம். அதனால்தான் "எந்த ஊர் மலிவு, எந்த ஹோட்டல் மலிவு" என்று நண்பர்கள் கேட்டால் எத்தனை பேர், எத்தனை இரவு என்று திருப்பிக் கேட்கிறேன்.

என் தீர்ப்பு இது. ஒன்றிரண்டு இரவுக்கு வாடகை வீடு பக்கம் போகவே வேண்டாம். வாரக்கணக்கில் குடும்பத்தோடு என்றால் அதையே முதலில் பாருங்கள். தங்கல் வரி உள்ள ஊரில் ஆள்கணக்கா, அறைக்கணக்கா என்று பார்த்துவிட்டு, ஆள்கணக்காக இருந்தால் நட்சத்திரம் ஒன்று குறைத்து எடுங்கள். ரோமில் 5 நட்சத்திரத்திலிருந்து 4க்கு இறங்கினாலே ஆளுக்கு, இரவுக்கு 2.50 யூரோ வரியில் மட்டும் மிச்சம். ரிசார்ட் கட்டணத்தைப் பாயிண்ட்ஸில் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், முடியாவிட்டால் அதே தெருவில் அந்தக் கட்டணம் வாங்காத ஹோட்டல் இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான ஹோட்டல்கள் அதை வாங்குவதில்லை. போன இடத்தில் குளம் பூட்டியிருந்தாலோ வைஃபை வேலை செய்யாவிட்டாலோ, செக்-அவுட்டுக்கு முன் மேனேஜரிடம் அமைதியாகச் சொல்லி அந்த நாளின் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். நான் இரண்டு முறை கேட்டு ஒரு முறை கழித்தார்கள்.

போன வருடம் அம்மாவை மறுபடி அழைத்துப் போகும்போது மூன்று ஹோட்டல்களுக்கு ஒரே மெயில் அனுப்பினேன்: "இந்தத் தேதிகளுக்கு, 2 பேருக்கு, வரியும் எல்லாக் கட்டணமும் சேர்த்து என் கார்டில் மொத்தம் எவ்வளவு பிடிப்பீர்கள்?" ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. இன்னொன்றிலிருந்து வாடகையும் ஒரு விளம்பர இணைப்பும் வந்தது. மூன்றாவதிலிருந்து ஒரே ஒரு எண் வந்தது, கீழே அதன் பிரிவு விவரத்தோடு. அந்த எண் மற்ற இரண்டின் வாடகையைவிடக் கூடுதல்தான். அதையே எடுத்தேன். செக்-அவுட்டில் பில்லை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெயிலில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குப்பா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.