9 இஞ்சு பில்லர் ஆகாதுன்னு சொன்ன ஆபிஸ் - வீட்டு ஸ்ட்ரக்சுரல் டிசைன் ரிவியூ

சூலூர் தாண்டி எங்க காட்டுல மாடி வீடு கட்டறதுக்கு இவங்ககிட்டதானுங்க ஸ்ட்ரக்சுரல் டிசைன், அதாவது அஸ்திவாரம், பில்லர், பீம், சிலாப்புக்கு என்ன சைஸ், எவ்ளோ கம்பின்னு போடற கணக்கும் ட்ராயிங்கும், வாங்கினோம். கோயமுத்தூர்ல மாடியில ரெண்டு ரூம், அவ்ளோதான் ஆபிஸ். ஆளுங்களுக்காகவே போலாம். பெரிய சார் ஜிசிடியில படிச்சவரு, அது 1945ல ஆரம்பிச்ச கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ், சர்க்கார்ல பாலம் வேலை பாத்து ரிட்டயர் ஆகி இதை ஆரம்பிச்சிருக்காரு. பெருந்துறை கொங்கு காலேஜ்ல படிச்ச மேடம் ஒருத்தங்க ஈடாப்ஸ்ங்கற கம்ப்யூட்டர் சாப்ட்வேர்ல கணக்கெல்லாம் போடறாங்க. ட்ராயிங் போடற அண்ணன் அந்தக் காலத்துல ட்ரேசிங் பேப்பர்ல போட்டவரு, கம்பி எங்க வளையோணும் ரெண்டு கம்பி சேர்ற எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு எவ்ளோ நீளம் ஏறோணும்ங்கற லாப் எங்க விடோணும்னு தனியா பெருசா வரைஞ்சு குடுத்துட்டாரு, இங்கிலீஷ் தெரியாத எங்க கம்பி மேஸ்திரிக்கே பாத்த ஒடனே புரிஞ்சுது.

மொதல்ல மண்ணு டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க. எங்களுது கரிசல், மழைக்கு உப்பும் வெயிலுக்கு வெடிக்கும், அதனால அதைத் தாண்டி கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் ஃபூட்டிங்கை, அதாவது பில்லருக்கு அடியில வர்ற அஸ்திவாரத்தை, எறக்க சொன்னாங்க. அப்பறம்தான் பில்லர் பஞ்சாயத்து. "ஏனுங்க, நம்மூர்ல எல்லாரும் 9 இஞ்சுதானுங்க போடறாங்க, செவுத்தோட செவுரா போயிரும்"னு மேஸ்திரி ஒரே புடியா நின்னாரு. மேடம் பொறுமையா சொன்னாங்க, கோயமுத்தூர் நிலநடுக்கத்துக்கு ஸோன் 3, அதாவது நடுத்தர ஆபத்து இருக்கற ஏரியா, 1900 பிப்ரவரில இங்கயே பெருசா ஆடியிருக்கு, நிலநடுக்கத்தைத் தாங்கற கான்கிரீட் கட்டடத்துக்கான ஐஎஸ் 13920ங்கற இந்திய தர விதியை 2016ல மாத்துனதுக்கு அப்பறம் பில்லர் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்கு கொறையக்கூடாது, அதாவது 12 இஞ்சு. ஹால் மூலையில துருத்துமேன்னு எங்கூட்டுக்காரம்மா கேட்டதுக்கு, துருத்தற பக்கத்தை அலமாரிக்கும் வெளிச்செவுத்துக்கும் திருப்பி ட்ராயிங்கையே மாத்திக் குடுத்தாங்க. அது ரொம்ப புடிச்சுதுங்க.

பில்லர் கான்கிரீட்டுக்கு மொத நாளு சாரே சைட்டுக்கு வந்துட்டாரு. பீம் சேர்ற எடத்துல டேப் வெச்சு, பில்லர் கம்பியைச் சுத்திக் கட்டற ரிங்கு இடைவெளி பாத்தாரு, 100 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதாம். ரிங்கு முனையில இருக்கற கொக்கியை வெரலால தொட்டுப் பாத்துட்டு, 90 டிகிரில வளைச்சிருக்கீங்களேன்னு சத்தம் போடாம கம்பி வளைக்கற சாவியை வாங்கி அவரே ஒண்ணை 135க்கு வளைச்சுக் காட்டுனாரு. ஆட்டம் வந்து வெளி கான்கிரீட் உதிர்ந்துச்சுன்னா 90 கொக்கி விரிஞ்சுரும், 135ன்னா உள்ள கான்கிரீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு விடாதுன்னாரு. பசங்க எல்லா ரிங்கையும் கழட்டி மறுக்கா கட்டுனாங்க. கம்பி வெளிய தெரியாம கான்கிரீட்டுக்குள்ள இருக்க வெக்கற கவர் பிளாக்கும் பில்லருக்கு 40 மில்லிமீட்டர், சிலாப்புக்கு 20ன்னு தனித்தனியா பாத்தாரு.

கொறைன்னா ட்ராயிங்தான். துண்டு துண்டா வருது, சார் கையெழுத்து இல்லாம வெளிய விட மாட்டாங்க. மேல் சிலாப் ட்ராயிங் லேட்டாகி கான்கிரீட்டைத் தாங்க அடியில அடிக்கற சென்ட்ரிங் சீட்டு வாடகை சும்மா ஓடுச்சு, அது எங்களுக்கு வலிச்சுது. எந்த ட்ராயிங் என்னிக்கு வேணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க, ஒத்துக்கறாங்க.

எம் மச்சான் பொங்கலூர்ல கோழிப்பண்ணை ஷெட்டுக்கு இவங்ககிட்டயே குடுத்திருக்காரு, ஷெட்டுக்கு காத்துக் கணக்குதான் முக்கியம்னு மேடம் போட்டுட்டு இருக்காங்க. போறவங்க காலைல போயிருங்க, மத்தியானத்துக்கு மேல சார் சைட்டுக்கு கெளம்பிருவாரு.